கதவு தானாகச் சாத்திக்கொள்கிறதா?

'அம்மா... வீடு கிடைச்சாச்சும்மா! நாலு பெட்ரூம். ஸ்டேஷன் பக்கத்துலயே. பின்னாடி ஸ்விம்மிங் பூல்கூட இருக்கு!'

சிட்னியிலிருந்து மகனோ மகளோ இப்படி போன் செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மனசு குளிர்ந்துபோகும். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் சொல்லத் தோன்றும். சொல்லுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் போனை வைத்துவிடாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'பூலைச் சுத்தி வேலி இருக்காப்பா? அந்தக் கதவு தானா சாத்திக்குதா?'

'என்னம்மா நீ... விலை என்னன்னு கேட்பேன்னு பார்த்தா, கதவைப் பத்திக் கேட்கிறே?' என்று மகன் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆனால், அந்த வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். விலை, வாசல் பார்த்திருக்கும் திசை எல்லாம் அவளுக்கு அப்புறம்தான்.

வெண்ட்வொர்த்வில், டூங்காபி, வெஸ்ட்மீட், ஹோம்புஷ்... சிட்னியில் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் பகுதிகள் இவை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம், ஆறு மாதம் என்று போய் வரும் தாத்தா பாட்டிகள் நம் வாசகர்களிலேயே எத்தனையோ பேர். அங்கே பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, குழந்தையோடு வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான். ஆகவே, இந்தக் கட்டுரை வீடு வாங்குகிற உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை. உங்களுக்கும்தான்.

சத்தமே வராது!

சினிமாவில் தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டுவார்கள். 'காப்பாத்துங்க... காப்பாத்துங்க...' என்று கத்துவார்கள். கரையில் இருப்பவர் ஓடிவந்து குதிப்பார். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

மூழ்குகிற குழந்தைக்கு மூச்சு விடுவதே பெரும் போராட்டம். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்தக் கண நேரத்தில் காற்றை உள்ளே இழுக்கத்தான் முடியும். கத்துவதற்கு நேரமும் இல்லை, மூச்சும் இல்லை. கையும் ஆட்ட முடியாது. தண்ணீரை அமுக்கி மேலே வரத்தான் கைகள் இரண்டும் தவிக்கும். இந்தத் தவிப்பு 20 விநாடியிலிருந்து 60 விநாடிக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள் உயிர்காப்புப் பணியில் அனுபவம் உள்ளவர்கள். சின்னக் குழந்தையானால் அதைவிடச் சீக்கிரம்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலை முன்னால் போய்விடும், கால் பின்னால் தூக்கிவிடும். விழுந்தபின் நிமிர்ந்துகொள்ளத் தெரியாது. மூச்சு நின்று நாலைந்து நிமிடம் ஆனாலே மூளையின் செல்கள் சேதமாகத் தொடங்கிவிடும். உயிர் பிழைத்தாலும் பேச்சு, நடை, நினைவு எல்லாமே பாதிக்கப்படலாம்.

அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடி, அணைத்துவிட்டு, துணியெடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகும்? இரண்டு நிமிடமாவது ஆகாதா?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுகூட நிரம்பாத குழந்தை. ஆஸ்திரேலியாவில் இந்த வயதுக் குழந்தைகள் மூழ்கும் இடங்களில் முதலிடம் ஆற்றுக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை. நீச்சல்குளத்துக்குத்தான்.

அதனால்தான் அங்கே வேலியைச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

விற்றாலும் சர்டிஃபிகேட்... வாடகைக்கு விட்டாலும் சர்டிஃபிகேட்!

சிட்னி இருப்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில். அங்கே 1992-ஆம் ஆண்டிலேயே நீச்சல்குளச் சட்டம் வந்துவிட்டது. 30 சென்டிமீட்டருக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஒரு அடிக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய எந்தக் குளமானாலும் சுற்றிலும் தடுப்பு வேண்டும். காற்றடித்து நிரப்பும் பிளாஸ்டிக் குளத்துக்கும் இதே விதிதான். வெந்நீர் ஸ்பா தொட்டியா? அதைப் பயன்படுத்தாத நேரத்தில், குழந்தை திறக்க முடியாதபடி மூடிப் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

சட்டம் இருந்தாலும் வேலியை யார் போய்ப் பார்ப்பது? வேலி போட்ட அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். பத்து வருஷத்தில் கீல் துருப்பிடிக்கும். தாழ்ப்பாள் தேயும். பக்கத்தில் நட்ட செடி மரமாகிவிடும். இதையெல்லாம் யோசித்து 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் குளத்தை மாநில அரசின் பதிவேட்டில் பதிந்தாக வேண்டும் என்றார்கள். அடுத்து, 2016 ஏப்ரல் 29-லிருந்து வீட்டை விற்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் குளத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

வீடு கைமாறும் நேரத்தை ஏன் பிடித்தார்கள்? குழந்தை இல்லாத வயதான தம்பதி இருபது வருஷம் இருந்த வீட்டில், கதவு பழுதானதை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். அதே வீட்டுக்குக் கைக்குழந்தையோடு புதுக் குடும்பம் வரும்போதுதான் அந்தப் பழுது ஆபத்தாக மாறுகிறது. புதுக் குடும்பத்துக்கு அந்தத் தோட்டமும் பழக்கமில்லை, அந்தக் கதவின் கோணலும் தெரியாது.

விற்பவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் குளம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பகுதி கவுன்சிலையோ, அரசிடம் பதிவு பெற்ற தனியார் ஆய்வாளரையோ அழைக்க வேண்டும். அவர் டேப்பும் கையுமாக வந்து அளப்பார். எல்லாம் சரியென்றால் 'விதிப்படி இருக்கிறது' என்று சர்டிஃபிகேட் தருவார். இது 3 ஆண்டுகளுக்குச் செல்லும். குறை இருந்தால் என்ன குறை என்று எழுதித் தருவார். சரிசெய்துவிட்டு மறுபடி அழைக்க வேண்டும். வேலியை மாற்ற ஆள் பிடிக்கவே சில வாரம் ஆகலாம் என்பதால், வீட்டை விளம்பரம் செய்வதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்? விற்பனை ஒப்பந்தத்தோடு இந்தச் சான்றிதழ் இணைத்திருக்கிறதா என்று பத்திர வேலை பார்க்கும் சொலிசிட்டரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். புதிதாகக் கட்டிய குளமென்றால், 3 ஆண்டுக்குள் வாங்கிய குடிபுகும் அனுமதிச் சான்றும், குளம் பதிவானதற்கான அத்தாட்சியும் இருந்தால் போதும். எதையுமே இணைக்காமல் விட்டிருந்தால், ஒப்பந்தம் கைமாறிய 14 நாளுக்குள், வீடு பெயருக்கு வருவதற்கு முன்பாக, அதை ரத்துசெய்ய வாங்குபவருக்கு உரிமை உண்டு.

சட்டம் தரும் 90 நாள்

இங்கேதான் நீங்கள் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

விற்பவர் வேலியைச் சரிசெய்யாமலே வீட்டை விற்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது! 'இந்தக் குளம் விதிப்படி இல்லை' என்று ஆய்வாளர் கொடுக்கும் சான்றிதழை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் விற்பனை செல்லும். அதற்குப் பிறகு வேலியைச் சரிசெய்து சான்றிதழ் வாங்குவது வாங்கினவர் பொறுப்பு. பணம் முழுக்கக் கொடுத்து வீடு கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம்.

கனமான ஒப்பந்தக் கட்டில் எங்கோ நடுவில் இருக்கும் ஒரு தாள் அது. தலைப்பில் 'சான்றிதழ்' என்று பார்த்ததுமே 'ஆங்... பூல் சர்டிஃபிகேட் இருக்கு' என்று புரட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது எந்தச் சான்றிதழ்? சரியாக இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

90 நாள் என்பது காகித வேலைக்கும் தச்சு வேலைக்கும் சட்டம் தரும் அவகாசம். குழந்தை முதல் நாளே அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அட்டைப்பெட்டிகள் பாதி பிரித்தும் பிரிக்காமலும் கிடக்கும். சாமான் இறக்குகிறவர்கள் பின்கதவைத் திறந்து போட்டிருப்பார்கள். பால் காய்ச்ச நண்பர்கள் வந்திருப்பார்கள். 'பாப்பா உன்கூட இருக்கான்னு நினைச்சேன்' என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருக்கும் நாள் அது. குடிபோகும் நாளைவிட ஆபத்தான நாள் வேறு இல்லை.

ஆகவே, குறையுள்ள குளத்தோடு வீடு வாங்க நேர்ந்தால் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி... 'சாவி தருவதற்கு முன் நீங்களே சரிசெய்து கொடுத்துவிடுங்கள்' என்று விற்பவரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது. இதுதான் நல்ல வழி.

இரண்டாவது... செலவை விலையில் கழித்துக்கொண்டு, சாவி கைக்கு வந்ததும் முதலில் வேலிக்காரரைக் கூப்பிட்டு, வேலை முடிந்த பிறகு குடிபோவது. பெயின்ட், திரைச்சீலை எல்லாம் காத்திருக்கட்டும்.

மூன்றாவது... உடனே குடிபோயே ஆகவேண்டும் என்றால், தற்காலிக வேலி வாடகைக்குக் கிடைக்கும். அதைச் சுற்றிலும் நிறுத்திவிட்டுக் குழந்தையை அழைத்துப் போவது. 'தண்ணியை வெளியேத்திட்டாப் போச்சு' என்று நீங்களாகக் குளத்தைக் காலிசெய்துவிடாதீர்கள். சிலவகைக் குளங்கள் தண்ணீர் இல்லாவிட்டால் நிலத்தடி ஈரத்தின் அழுத்தத்தில் மேலே எழும்பி, வெடித்துவிடும். மழை பெய்தால் அடியில் மறுபடி தண்ணீர் தேங்கவும் செய்யும்.

வாடகை வீடு என்றால்...

வாடகை விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். குறையுள்ள குளத்தோடு வீட்டை வாடகைக்கு விடவே முடியாது. வீட்டுக்காரர் செல்லுபடியாகும் சான்றிதழின் நகலை உங்கள் பிள்ளையிடம் தரவேண்டும். தராவிட்டால் கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். 'வீடு கிடைக்கிறதே கஷ்டம், இதையெல்லாம் கேட்டா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க' என்று பயப்படுவார்கள். அந்தப் பயம் புரிகிறது. அந்த மாநிலத்துப் பதிவேட்டை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முகவரியைக் கொடுத்தால் குளம் பதிவாகியிருக்கிறதா, சான்றிதழ் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

குடியிருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. குளத்துக்குப் போகும் கதவைப் பயன்படுத்தாத நேரத்தில் மூடி வைத்திருக்க வேண்டியது அந்த வீட்டில் வசிப்பவர். 'நான் வாடகைக்காரன்தானே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வெயில் காலம் வந்ததும் கடையில் பார்த்துப் பெரிய காற்றடிக் குளம் வாங்கிவந்து புல்தரையில் வைத்துவிடுவதும் வேண்டாம். ஒரு அடிக்கு மேல் தண்ணீர் நிற்குமானால் அதற்கும் வேலி வேண்டும். சின்னத் தொட்டிதான் என்றால், குளித்து முடித்ததும் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்களா? இரண்டுக்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்த குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் இந்தச் சான்றிதழை இணைக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக அங்குள்ள பொதுக் குளத்தைக் கவுன்சில் 3 ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். காகிதம் இல்லை என்பதற்காக நீங்கள் கதவைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்தில் 2010 டிசம்பரிலிருந்தே விற்பனைக்கும் வாடகைக்கும் சான்றிதழ் முறை இருக்கிறது. தனி வீட்டுக் குளத்துக்கு 2 ஆண்டு, பலர் பகிரும் குளத்துக்கு 1 ஆண்டு செல்லும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவிலும், பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விற்றாலும் விற்காவிட்டாலும் 4 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை.

டேப் எடுங்கள்... நீங்களே பாருங்கள்!

இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுப் போய் இரண்டரை வருஷம் ஆகியிருக்கலாம். சான்றிதழ் இன்னும் செல்லும். கதவு செல்லுமா? ஒரு அளவு டேப்பும் பத்து நிமிடமும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். நியூ சவுத் வேல்ஸில் இப்போது கட்டும் குளங்களுக்கான முக்கியமான அளவுகள் இவை.

1. வேலியின் உயரம் வெளிப்பக்கத்தில் குறைந்தது 1.2 மீட்டர் (சுமார் 4 அடி). பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் எல்லை வேலியே ஒரு பக்கத் தடுப்பு என்றால், உள்பக்கத்தில் 1.8 மீட்டர் (6 அடி).

2. வேலிக்கு அடியில் இருக்கும் சந்து 10 சென்டிமீட்டருக்கு (4 அங்குலம்) மேல் இருக்கக்கூடாது. நிற்கும் கம்பிகளுக்கு நடுவிலும் அதே 10 சென்டிமீட்டர்தான்.

3. கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே பார்த்துத் திறக்க வேண்டும். அப்போதுதான் குழந்தை தள்ளினால் திறக்காது.

4. கதவை முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள். தானாக வந்து சாத்தி, 'க்ளிக்' என்று தாழ்ப்பாளும் விழுகிறதா? அடுத்து பாதி திறந்து விடுங்கள். அடுத்து, ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். எந்த நிலையில் விட்டாலும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சாண் சோதனையில்தான் பல கதவுகள் தோற்றுப்போகும். சாத்தினமாதிரி தெரியும். தாழ்ப்பாள் விழுந்திருக்காது.

5. தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் (5 அடி) உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் குறைவாக இருந்தால், குழந்தையின் கை எட்டாதபடி மறைப்பு வேண்டும்.

6. வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டருக்குள் (3 அடி) ஏறுவதற்குத் தோதாக எதுவும் இருக்கக்கூடாது. நாற்காலி, பூந்தொட்டி, பார்பெக்யூ அடுப்பு, ஏ.சி. பெட்டி, மரக்கிளை... எதுவுமே.

7. மயங்கியவருக்கு முதலுதவி செய்யும் முறையை விளக்கும் பலகை குளத்தருகே இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். வெயிலில் வெளுத்துப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழைய குளங்களுக்கு விதிகள் கொஞ்சம் மாறும். முக்கியமாக, 1990 ஆகஸ்ட்டுக்கு முன் கட்டிய சில குளங்களில் வீட்டுச் சுவரே ஒரு பக்கத் தடுப்பாக இருக்கலாம். அதாவது வேலி மூன்று பக்கம்தான். அந்தப் பக்கத்துக் கதவு, ஜன்னல்கள் குழந்தை திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், நாள் முழுக்க மனுஷர்கள் போய்வரும் பின்கதவு எத்தனை நேரம் பூட்டிக் கிடக்கும், சொல்லுங்கள்? நான்கு பக்கமும் வேலி இருக்கும் குளம், மூன்று பக்க வேலியைவிட மிகவும் பாதுகாப்பானது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. உங்கள் பிள்ளை வாங்கும் வீடு இந்த வகை என்றால், சட்டம் கேட்காவிட்டாலும் நாலாவது பக்கத்துக்கும் வேலி போடச் சொல்லுங்கள்.

தாத்தா, பாட்டி கவனத்துக்கு...

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். எத்தனை நல்ல வேலியையும் கெடுப்பது சில நேரம் நாமேதான்!

ஊரிலிருந்து போனதும் கை சும்மா இருக்குமா? ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கிப் பெரிய தொட்டியில் வைப்போம். வெயில் நன்றாகப் படும் இடம் எது? குளத்து வேலி ஓரம். அடுத்த வாரம் பக்கத்தில் ஒரு புதினாத் தொட்டி. உட்கார்ந்து வெயில் காய ஒரு ஸ்டூல். வடாம் காயப்போட ஒரு பெஞ்ச். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது படிக்கட்டு! தொட்டியெல்லாம் மூன்று அடி தள்ளியே இருக்கட்டும். கறிவேப்பிலை அங்கேயும் வளரும்.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு போய்வர வசதியாக இருக்கிறதென்று கதவுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைக்காதீர்கள். வேலியின் உயிரே அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்வதில்தான் இருக்கிறது.

பந்து, வாத்து பொம்மை எதையும் குளத்தில் மிதக்கவிட்டு வராதீர்கள். அதை எடுக்கத்தான் குழந்தை போகும். கையில் மாட்டும் காற்றுப் பட்டை உயிர்காக்கும் சாதனம் இல்லை. 'நீச்சல் கிளாசுக்குப் போறானே' என்பதும் காவல் இல்லை.

வீட்டில் நாலு பெரியவர்கள் இருந்தால், 'இப்ப அரை மணி நேரம் நான் பார்த்துக்கிறேன்' என்று ஒருவர் வாயால் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். காவலுக்கு இருப்பவர் கையில் செல்போன் வேண்டாம்.

குழந்தையைக் காணவில்லையா? கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், வாசலில் என்றெல்லாம் தேடுவதற்கு முன்பு முதலில் குளத்துக்கு ஓடுங்கள். ஒளிந்து விளையாடுகிற குழந்தை கட்டிலுக்கு அடியில் பத்து நிமிடம் பத்திரமாக இருக்கும்.

அந்த நிமிடம் வந்துவிட்டால்...

வரவே கூடாது. ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையை உடனே வெளியே எடுத்து, கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். உதவிக்குக் கத்துங்கள். ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்ஸுக்கு 000. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால், என்ன செய்யவேண்டும் என்று அவர்களே சொல்லிக்கொண்டே வருவார்கள்.

கூப்பிட்டால் அசைகிறதா, ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து 30 முறை அழுத்துங்கள். மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இரண்டு விரலால். பிறகு தலையை நேராக வைத்து, வாயோடு வாய் வைத்து 2 முறை மூச்சு ஊதுங்கள். குழந்தை சற்றுப் பெரியதானால் தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். கைக்குழந்தைக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி, மெதுவாக. ஆம்புலன்ஸ் வரும்வரை 30-க்கு 2 என்று நிறுத்தாமல் தொடருங்கள். மூழ்கியவருக்கு முதலில் இல்லாமல் போனது பிராணவாயுதான். அதனால் மூச்சு கொடுப்பதை விட்டுவிடக்கூடாது.

செய்யக்கூடாதது? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது. நம் ஊரில் காலம்காலமாகப் பார்த்த வைத்தியம்தான். ஆனால், வயிற்றிலிருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துவிடும். பொன்னான நிமிடங்களும் போய்விடும். தானாக வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பி, வாயைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கண் விழித்துச் சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயே ஆகவேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் தொல்லை தரலாம்.

விசா, டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஊறுகாய் பாட்டில் என்று பட்டியல் போடும்போது ஒரு நாள் முதலுதவிப் பயிற்சி வகுப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையைப் படித்து வருவதைவிடக் கையால் ஒருமுறை செய்து பார்த்தது அவசரத்தில் கைகொடுக்கும்.

நம் ஊரில் வீடு விற்கும்போதோ, கடற்கரைப் பக்கம் விடுமுறை பங்களா எடுக்கும்போதோ நீச்சல்குளத்துக்கென்று இப்படியொரு சர்டிஃபிகேட்டை யாரும் கேட்பதில்லை. அதனால் என்ன? மூன்று அடி, நாலு அடி, ஐந்து அடி என்ற கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். அளந்து பார்க்க நமக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

சரி... அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிட்னிக்கு வீடியோ காலில் பேசுவீர்கள், இல்லையா? பேத்தியிடம் கொஞ்சிவிட்டு, போனைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்லுங்கள். மகன் குளத்துக் கதவை ஒரு சாண் திறந்து கையை எடுக்கட்டும்.

'க்ளிக்' என்ற சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், 'நாளைக்கே ஆளைக் கூப்பிடுப்பா' என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும்.